பூட்டிய டிஸ்க்கில் நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்

மார்ச் 4

தம்பிக்கு,

கப்பலுக்கு நாளுக்கு ஒரு தடவைதான் இ-மெயில் தபால் வரும், படம் கிடம் அனுப்பினால் கேப்டன் கத்துவார் என்று சொல்லியிருக்கிறாய். அதனால் எழுத்திலேயே சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி.

நீ அசெம்பிள் செய்து கொடுத்த கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்திருக்கிறது. போன மாதம் நாளுக்கு ஒரு முறை. இப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. மாமா மைக் முன்னால் பாதி வாக்கியம் படித்திருப்பார், திரை கறுத்துவிடும். அந்த வாக்கியம் போயிற்று, மறுபடி படிக்க வேண்டும். டாக்டர் நாளுக்கு இருபது நிமிடம்தான் பேசலாம் என்று கணக்கு வைத்துவிட்டார். அதில் பாதி இந்த மெஷின் விழித்துக்கொள்ளக் காத்திருப்பதிலேயே கழிகிறது.

பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். கட்டியோடு குரல்வளையை முழுதாக எடுக்கிறார்கள். பேச்சுப் பயிற்சி தருகிற மேடம் கொடுத்த அறுநூறு வாக்கியங்களில் நானூற்றுப் பன்னிரண்டு முடிந்திருக்கிறது. அறுநூறும் இருந்தால்தான், பின்னால் அவர் டைப் செய்வதை அவர் குரலிலேயே பேசுகிற கருவியைச் செய்ய முடியுமாம். அந்த சாஃப்ட்வேரின் லைசென்ஸும் இந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தானாம்.

டிரைவிங் ஸ்கூலில் பதினெட்டு வருஷம் நாள் முழுக்கப் பேசிய மனுஷன். நேற்று, ‘மஞ்சள் குடையைக் கதவருகே வைத்தது யார்’ என்கிற வாக்கியத்தை மூன்றாம் தடவை படிக்க வேண்டி வந்தது. தாளைக் கீழே வைத்துவிட்டு, “ஏன் டாக்டரம்மா, குரல் போனதுக்கப்புறம் நான் குடையத்தான் தேடிக்கிட்டு அலையப் போறேனா?” என்றார். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண்டாட்டிக்கு அவர் வைத்த பட்டம், உனக்குத் தெரியுமே. சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அன்றைய இருபது நிமிடம் அதோடு சரி.

என்ன செய்யட்டும், சொல்.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

‘தானாக அணைகிறது’ என்று மட்டும் எழுதினால் நான் என்ன ஜோசியமா பார்ப்பேன்? கடையில் வந்து ‘உடம்பு சரியில்லை, மாத்திரை கொடு’ என்றால் கொடுப்பாயா?

டிசம்பரில் ரிப்பேர் கடையில் சொல்லி ஒரு ரேம் மெமரி கூடுதலாகப் போட்டாயே, அதற்கப்புறம்தான் இது ஆரம்பித்ததா? அப்படியானால் மதர்போர்டின் பயாஸ் பழசு, அந்த மெமரியோடு ஒத்துப்போகவில்லை. பயாஸ் என்றால் பயப்படாதே. பவர் பட்டனை அமுக்கியதும் முதலில் கண் விழிக்கிற சின்ன புரோகிராம் அது. போர்டிலேயே ஒரு சிப்பில் உட்கார்ந்திருக்கும். அதைப் புதுசாக மாற்றினால் சரியாகிவிடும்.

மெமரியைக் கழற்றிப் பார் என்று சொல்லலாம்தான். ஆனால் நீ அதைக் கழற்றினால் இன்னொன்றை உடைப்பாய்.

பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திற. போர்டில் வெள்ளை எழுத்தில் மாடல் பெயர் இருக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில் ரிவிஷன் எண் இருக்கும். இரண்டையும் எழுத்துப் பிசகாமல் அனுப்பு. வேறு மாடலுக்கான பயாஸை ஏற்றினால் போர்டு செத்துவிடும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 7

தம்பிக்கு,

மாடல் பெயரும் ரிவிஷனும் கீழே எழுதியிருக்கிறேன். மாமா டார்ச் பிடித்தார், நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன். மருந்துப் பெயரைப் படிக்கிற மாதிரி.

நீ சொன்னது சரி, டிசம்பரில்தான் ஆரம்பித்தது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதலில் அந்தக் குரல் பதிவுகளை எல்லாம் வேறு எதிலாவது நகல் எடுத்து வைத்துவிடட்டுமா? ஏதாவது ஆகிவிட்டால் மறுபடி படிக்க நாள் இல்லை. எதிர்வீட்டு அக்கவுண்டன்டிடம் வெளியில் மாட்டுகிற டிஸ்க் இருக்கிறது, கேட்டால் தருவார்.

இன்னொன்று, நடுவில் அது ஏதாவது கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? உன்னிடம் கேட்டு எழுதினால் பதில் வர ஒரு நாள் ஆகும். அதுவரை திரை அப்படியே நிற்குமா?

நானூற்றிருபது ஆகியிருக்க வேண்டும். இன்னும் நானூற்றுப் பன்னிரண்டுதான். இரண்டு நாளில் ஒன்றுகூட முழுதாகப் பதியவில்லை.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

பயாஸுக்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லை. அது சிப்பில் இருக்கிறது, உன் பதிவுகள் டிஸ்க்கில் இருக்கின்றன. அடுப்பைத் துடைப்பதற்குப் பீரோவைக் காலி செய்வாயா? நகல் எடுக்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மெஷின் விழும், ஒரு நாள் போகும். உன்னிடம் இருப்பதே பதினோரு நாள். எதிர்வீட்டுக்காரரையெல்லாம் இழுக்காதே.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உன் கடைக் கம்ப்யூட்டரில் அந்தக் கம்பெனியின் சொந்த வெப்சைட்டுக்குப் போ, வேறு எந்த சைட்டும் கூடாது. உன் மாடல், உன் ரிவிஷன், அதற்கான கடைசி வெர்ஷன். ‘பீட்டா’ என்று போட்டிருந்தால் அதைத் தொடாதே. இறங்கிய ஜிப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் ஃபைலை எடு. பென் டிரைவை ஃபேட் 32 என்ற முறையில் ஃபார்மட் செய்து, அந்த ஒரு ஃபைலை மட்டும் போடு, ஃபோல்டருக்குள் வைக்காமல் வெளியிலேயே. வீட்டில் யூ.பி.எஸ். வழியாகத்தான் கரண்ட் போக வேண்டும். ஏற்றும் நடுவில் கரண்ட் போனால் போர்டு பிணம். மெஷினைப் போட்டதும் டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இரு, பயாஸ் திரை வரும். அதில் அப்டேட் என்ற பக்கத்துக்குப் போய் ஃபைலைக் காட்டு. ஐந்து நிமிடம். திரை கறுக்கும், தானாக இரண்டு மூன்று தடவை அணைந்து எழும். நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார். பயந்துபோய் பவர் பட்டனை அமுக்கினாய் என்றால் அவ்வளவுதான்.

நடுவில் எது கேட்டாலும் ஒய் அமுக்கு. படித்துக்கொண்டு யோசித்துக்கொண்டு நிற்காதே. ஒய் எழுத்து என்றால் சரி, ‘என்’ எழுத்து என்றால் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் எனக்குத் தபால் போடுகிற வழக்கத்தை இந்த ஒரு தடவை விடு.

பயாஸ் மாற்றுவது உலகத்தில் தினம் லட்சம் பேர் செய்கிற வேலை.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

என்ன ஆயிற்று என்று வரிசையாக எழுதுகிறேன்.

நீ சொன்ன மாதிரியே எல்லாம் செய்தேன். யூ.பி.எஸ்., பென் டிரைவ், ஃபைல், டெலீட். காலை பத்தே காலுக்கு ஆரம்பித்தேன். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நூறு சதவீதம் என்று வந்தது. கறுத்தது, எழுந்தது. எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு கேள்வி. சாவி வைத்திருக்கும் இடம் மாறிவிட்டது என்ற மாதிரி. டிஸ்க் பூட்டியிருந்து மீட்புச் சாவி இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் திறக்காது என்றும் இருந்தது. பழையதை அழிக்க ஒய், அப்படியே வைத்திருக்க ‘என்’.

நான் படித்தேன். மாமாவும் படித்தார். “இது என்னமோ எச்சரிக்கை மாதிரி இருக்கே டாக்டரம்மா, நாளைக்கு அவனைக் கேட்டுட்டு அமுக்கேன்” என்றார். நான்தான், “அவன் தெளிவா எழுதியிருக்கான், எது கேட்டாலும் ஒய்னு. இதுக்கும் கடுதாசி போட்டா குதிப்பான்” என்றேன்.

ஒய் அமுக்கினேன்.

இப்போது நீலத் திரை. நாற்பத்தெட்டு இலக்க மீட்புச் சாவியைப் போடு என்கிறது. என்ன பூட்டு இது? நான் எதையும் பூட்டவில்லையே? மறுபடி போட்டால் மறுபடி அதே திரை. மெஷின் இப்போது அணையவே இல்லை, நீ சொன்னபடி அந்த வியாதி சரியாகிவிட்டது. அந்த நீலத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது.

அந்த எண் எங்கே இருக்கிறது, உடனே எழுது. இன்று பதிவு இல்லை. நாளைக்குள் வந்துவிட்டால் நாளுக்கு இருபத்துநாலு வீதம் செய்துவிடலாம் என்கிறார் மாமா.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு ஒய் அமுக்கினாயா? படிக்காமல் அமுக்கியிருந்தாலாவது புரியும். ‘சாவி இல்லாவிட்டால் திறக்காது’ என்று எழுதியிருக்கிறது, மாமாவே நிறுத்தச் சொல்கிறார், அப்புறமும் அமுக்கினால் என்ன சொல்வது. ‘என்’ அமுக்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, மெதுவாகப் பார்த்திருக்கலாம். இனிமேல் எதையும் தொடாதே. யாராவது ‘புதுசாக விண்டோஸ் போட்டுத் தருகிறேன்’ என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. எண்ணைத் தேடுகிறேன்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

உன் எட்டாம் தேதிக் கடிதத்திலிருந்து: “நடுவில் எது கேட்டாலும் ஒய் அமுக்கு. படித்துக்கொண்டு யோசித்துக்கொண்டு நிற்காதே.”

நான் பதின்மூன்று வருஷமாக ஒரு பாட்டிலைக்கூட லேபிள் படிக்காமல் யார் கையிலும் கொடுத்ததில்லை. டாக்டர் சீட்டிலேயே தப்பு இருந்தால் போன் போட்டுக் கேட்பேன், அவர்கள் எரிந்து விழுந்தாலும் கேட்பேன். உன்னிடம்தான் கேட்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

எண்?

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

நேற்று உன் கடிதத்தை இன்ஜின் ரூமில் வைத்துப் படித்தேன். இரண்டு மணி நேரம் ஒரு வேலையும் ஓடவில்லை.

எண் இல்லை.

இரண்டு வருஷம் முன்னால் அந்த மெஷினைக் கட்டியபோது, உன் கடை வாடிக்கையாளர்களின் நோய் விவரமெல்லாம் அதில் வைக்கிறாயே என்று டிஸ்க்கை நான்தான் பூட்டினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நூறு கேள்வி கேட்பாய் என்று சொல்லவில்லை. பூட்டின் சாவி மதர்போர்டில் ஒரு மூலையில் இருக்கும். தினமும் தானே திறந்துகொள்ளும், உனக்குத் தெரியவே தெரியாது. பயாஸை மாற்றும்போது அந்த மூலை கலையலாம். அதனால் மாற்றுவதற்கு முன் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டும். எந்தக் கத்துக்குட்டிக்கும் சொல்லித்தருகிற முதல் பாடம் அது. நான் யூ.பி.எஸ். வரைக்கும் எழுதினேன், இதை எழுதவில்லை. பூட்டியதே நினைவில் இல்லை.

நீ ஒய் அமுக்கியதும் போர்டில் இருந்த சாவி அழிந்தது. மீதி இருந்தது மீட்பு எண். அதை என் லேப்டாப்பில் ஒரு ஃபைலாக வைத்திருந்தேன். கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் அந்த லேப்டாப்பை முழுக்கத் துடைத்து விற்றுவிட்டேன். திரும்ப எடுக்க முடியாதபடி துடைக்கிற புரோகிராமைத்தான் போட்டேன், பெருமையாக.

என் மெயில்களை எல்லாம் தேடினேன். எங்காவது எனக்கே அனுப்பி வைத்திருப்பேன் என்று நினைத்தேன். இல்லை.

பழைய பயாஸைத் திருப்பி ஏற்றினாலும் வராது. டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும் வராது. ஆனால் இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கிறது, எங்கள் ஆபீஸில் என் பழைய பேக்கப். கேட்டிருக்கிறேன். டிஸ்க்கை மட்டும் பத்திரமாக வை.

உன் மேல் எரிந்து விழுந்தேன். அது தப்பு.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

உன் ஆபீஸ் பதிலுக்காக நேற்றும் இன்றும் காத்திருந்தேன். வரவில்லை.

ரிப்பேர் கடைக்காரர் வீட்டுக்கே வந்து பார்த்தார். “மேடம், இது பீரோ பூட்டு மாதிரி இல்ல, உடைக்க. சாவி இல்லேன்னா உள்ள இருக்கிறது வெறும் தூசி” என்றார். அவர் போனபின் நான் உட்கார்ந்து எண்களைப் போட்டுப் பார்த்தேன். உன் பிறந்த நாள், என் கல்யாண நாள், நம் பழைய வீட்டுப் போன் நம்பர், எல்லாவற்றையும் நாற்பத்தெட்டு வரும்வரை சேர்த்துச் சேர்த்து. முட்டாள்தனம் என்று தெரியும். கையைச் சும்மா வைக்க முடியவில்லை. மாமா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பத்தொன்பதுக்கு அப்புறம் தினமும் அப்படித்தானே.

ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். கட்டி மூச்சுக்குழாய்ப் பக்கம் நகர்கிறது, ஒரு நாள்கூட முடியாது என்றார் டாக்டர்.

ஐந்து நாளாக அவர் எதையும் பதியவில்லை. இந்த நீலத் திரை திறந்துவிடும் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். திறந்துவிடும் இல்லையா? அதை மட்டும் சொல்.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

திறக்காது.

ஆபீஸிலிருந்து பதில் வந்துவிட்டது. பேக்கப்பில் அந்த ஃபைல் இல்லை. பதின்மூன்றாம் தேதியே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் அதை அதில் சேர்க்கவே இல்லை என்று. உனக்கு ஒரு நம்பிக்கை கொடுக்க வேண்டும் என்று அந்த வரியை எழுதினேன். அதனால் மேலும் இரண்டு நாள் போயிற்று. எண்களைப் போட்டுப் பார்ப்பதை விடு. உலகம் முடிகிறவரை போட்டாலும் அமையாது.

இன்று உன் கையில் தபால் கிடைத்ததும் அந்த மெஷினை அணை. போனை எடு. பதிவு செய்கிற ஆப் எல்லாப் போனிலும் இருக்கிறது. துணி அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு நேராக மாமாவை உட்கார வை, துணி எதிரொலியைக் குடித்துவிடும். ஃபேனை நிறுத்து. போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு வாக்கியமும் தனி ஃபைல். ஒவ்வொன்று முடிந்ததும் அக்கவுண்டன்டின் டிஸ்க்கில் ஒரு நகல், உன் கடையில் ஒரு நகல், எனக்கு ஒரு நகல். கேப்டன் கத்தினால் கத்தட்டும்.

பேசுகிற கருவிக்கு அறுநூறு வேண்டும், அது இனி நடக்காது. ஆனால் பதிந்த வாக்கியம் பதிந்தபடியே இருக்கும். போனைத் தட்டினால் அந்த ஒரு வாக்கியத்தை அவர் குரலில் சொல்லும். இரண்டு நாள், இருபது இருபது நிமிடம். நாற்பது வாக்கியம் வரும் என்று வைத்துக்கொள். குடை, கதவு என்கிற அந்தத் தாளைக் கிழித்துப் போடு. அவருக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்லச் சொல்.

நீ எனக்கு எவ்வளவு கேள்வி வேண்டுமானாலும் எழுது.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

முப்பத்தேழு.

நான் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, ஃபேனைப் போடு, டாக்டரைக் கூப்பிடு. மாமா படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். “தண்ணி வேணும்னா டம்ளரைக் காட்டினா போதும். வலிச்சா என் மூஞ்சியே சொல்லும். கையால காட்ட முடியாதது எதுவோ அதைத்தான் பேசணும்” என்றார்.

பிறகு அலமாரிக்கு எதிரில் உட்கார்ந்து, என் புடவைகளைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். “சும்மா சொன்னேன், அதுக்குள்ள கோவமா?” “நான் அப்படிச் சொல்லவே இல்லையே.” “அது கிடக்கட்டும், அப்புறம் என்னாச்சு?” “நீ சொல்றது சரிதான், ஆனா இந்தத் தடவை இல்ல.” “இந்த வயசுலயும் எனக்கு ஒரு ஆளு திட்டக் கிடைச்சிருக்கு பாருங்க.” “டாக்டரம்மா” என்று மட்டும் நான்கு விதமாகச் சொன்னார். கோபமாக, கெஞ்சலாக, யாரோ வந்திருக்கும்போது கூப்பிடுகிற மாதிரி, ஒன்றுமில்லாமல் சும்மா.

இரண்டாம் நாள் பன்னிரண்டாவது நிமிடத்திலேயே குரல் கம்மிவிட்டது. கடைசி நாலைந்து வெறும் காற்றுதான், ஆனால் அவர் காற்று. எல்லாவற்றையும் மூன்று இடத்தில் நகல் எடுத்தாயிற்று. உனக்கும் அனுப்புகிறேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு உள்ளே கூட்டிப் போகிறார்கள்.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

இரண்டு நாளாகத் தபால் இல்லை. ஆபரேஷன் எப்படி ஆயிற்று, ஒரு வரி எழுது.

முப்பத்தேழையும் கேட்டேன். அறையில் கூட இருப்பவன் ஏன் இதையே போடுகிறாய் என்றான். கேட்கக் கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் கேட்கிறேன். எனக்கென்று எதுவும் சொன்னாரா? திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

நன்றாக முடிந்தது. கட்டி முழுக்கப் போய்விட்டது என்கிறார்கள். கழுத்தில் ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. நேற்று எழுந்து உட்கார்ந்தார். நர்ஸ் ஊசியோடு வந்தபோது போனை எடுத்துத் தேடி, “நீ சொல்றது சரிதான், ஆனா இந்தத் தடவை இல்ல” என்பதைத் தட்டினார். அந்தப் பெண் ஒரு நிமிடம் திகைத்துவிட்டுச் சிரித்தாள். ஊசி போட்டாள்தான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உண்மையைத்தான் எழுதப் போகிறேன், உன் எதிரில் நின்று இதைச் சொல்ல என்னால் முடியாது.

சொன்னார். அந்த முப்பத்தேழில் சேராத இன்னொன்று, உனக்காக. பதினெட்டாம் தேதி, குரல் கம்முவதற்குக் கொஞ்சம் முன்னால். “இது மாப்ளைக்கு” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், நான் பட்டனை அமுக்குவேன் என்று. என் விரல் போன் மேல்தான் இருந்தது. அந்த நானூற்றுப் பன்னிரண்டும் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. உனக்கு ஏன் ஒன்று கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. நான் அமுக்கவில்லை. அவர் சொல்லி முடித்து, “வந்துச்சா?” என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன்.

அவருக்கு இன்னும் தெரியாது. அவர் போனில் தேடும்போதெல்லாம் நான் எதையோ எடுக்கிற மாதிரி எழுந்து போய்விடுகிறேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் இருக்கும் இல்லையா, நீ அதை ஓட்டும்போதெல்லாம் அவர் கால் அதன் மேலேயே இருக்கும், நீ கத்துவாய். அதற்குத்தான்.

“மாப்ளே, வந்ததும் வண்டிய எடு. என் கால் பிரேக் மேல இருக்காது.”

இதை அவர் எந்தக் குரலில் சொன்னார் என்று எழுதத் தெரியவில்லை எனக்கு.

அக்கா